இருபத்திரண்டு மில்லிமீட்டர்

நீளம் 22.4. அகலம் 17. டிஜிட்டல் வெர்னியரின் தாடைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பூனையின் வயிற்று முடியை ஒதுக்கி, தோலோடு சேர்த்துப் பிடித்து எடுத்த அளவு. மறுபடி பிடித்தால் 21 காட்டுகிறது. கொஞ்சம் அழுத்தினால் 20-க்கும் கீழே இறங்குகிறது. பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு டர்னிங் ஷாப்பில் புஷ், பின், ஷாஃப்ட் என்று நாள் முழுக்க அளந்து பாஸ், ரிஜெக்ட் என்று பிரித்து வைப்பதுதான் என் வேலை. நூறில் ஒரு மில்லிமீட்டருக்காக ஆபரேட்டர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். எஃகு எத்தனை முறை அளந்தாலும் அதே எண்ணைத்தான் சொல்லும். உயிருள்ள தோல் அப்படிச் சொல்வதில்லை.

கட்டி இடது பக்கம், கடைசிக்கு முந்தின காம்புக்குக் கீழே. கெட்டியாக இருக்கிறது. விரலால் தள்ளினால் கொஞ்சம் நகர்கிறது. பித்தளை என்கிற என் பூனை அதைப் பொருட்படுத்தவே இல்லை. நான் தடவிப் பார்க்கும்போது செல்லம் கொஞ்சுகிறேன் என்று நினைத்து இன்னும் மல்லாந்து கொடுக்கிறாள்.

*

அளவெடுத்துச் சொல்லச் சொன்னது டாக்டர். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி வயது, இரண்டாவது கட்டியின் அளவு. பூனையின் மடியில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டோ ஒன்பதோ புற்றுநோய்தான். நாய்களுக்கு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி தீங்கில்லாத கட்டியாக இருந்துவிடும். பூனைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

மிச்சக் கணக்கெல்லாம் அளவை ஒட்டித்தான். 2 செ.மீ.க்குள் இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட்டால் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ. 2-க்கும் 3-க்கும் நடுவில் என்றால் இரண்டு ஆண்டு வாக்கில். 3-ஐத் தாண்டிவிட்டால் அரை ஆண்டு. பாடப் புத்தகங்களில் காலங்காலமாக வரும் கணக்கு இது. பித்தளை இரண்டைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறாள். வெர்னியரை அழுத்திப் பிடித்தால் மூன்று வருடக் கூட்டத்தில் இருப்பாள், தளர்த்திப் பிடித்தால் இரண்டு வருடக் கூட்டத்தில். ஷாப்பில் இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் ஜாபை ஓரமாக எடுத்து வைத்து, சூடு ஆறின பிறகு மறுநாள் காலையில் அளப்போம். இதை அப்படி எடுத்து வைக்க முடியாது. வைத்தால் வளரும்.

*

இந்த "மூன்று ஆண்டு, இரண்டு ஆண்டு" எல்லாமே மீடியன் என்று சொல்கிற இடைநிலை அளவு. நூறு பூனைகளை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிற பூனை வாழ்ந்த காலம். பாதிப் பூனைகள் அதற்கு முன்பே போயிருக்கும், பாதி அதற்கு மேலும் இருந்திருக்கும். சராசரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது தரக்கட்டுப்பாட்டில் இருக்கிற எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம். சொந்த வீட்டுக்கு வரும்போது மறந்துபோகிறது.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞருக்கு 1982-இல் வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது. நூலகத்தில் போய்ப் படித்தார்: இடைநிலை ஆயுள் எட்டு மாதம். அவர் பயந்து ஒடுங்கிவிடவில்லை. அந்த வளைவின் வலது பக்க வால் எவ்வளவு தூரம் நீண்டு போகிறது, தன் வயது, நோய் கண்டுபிடித்த கட்டம், கிடைக்கிற சிகிச்சை இவற்றை வைத்துத் தான் அந்த வாலில் நிற்க இடமிருக்கிறதா என்று பார்த்தார். 1985-இல் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். 2002 வரை இருந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது வேறொரு புற்றுநோய்.

ஆனால் ஒன்று. கூல்ட் தனக்காக முடிவெடுத்தார். வாலில் இடம் பிடிப்பதற்காகப் படுகிற பாட்டைப் படுவது தான்தான் என்று அவருக்குத் தெரியும். இங்கே கணக்குப் போடுகிறவள் நான், பாடு படப்போகிறவள் அவள். இந்த நோட்டில் நான் எழுதுவதெல்லாம் இந்த ஒரு இடத்தைச் சுற்றியேதான் வருகிறது.

*

பித்தளை குட்டியாக வந்தவள் இல்லை. ஷாப்பின் ஸ்டோர் ரூமில் காட்டன் வேஸ்ட் மூட்டைமேல் வளர்ந்த பூனையாகவே ஒரு மழைக்காலத்தில் படுத்திருந்தாள். மூவர்ணம்: வெள்ளை, கறுப்பு, நடுவே பளபளக்கும் மஞ்சள். லேத்துக்கு அடியில் விழுந்து கிடக்கும் பித்தளைத் துருவலின் நிறம் என்று ஆபரேட்டர் பையன்கள் வைத்த பேர். மூவர்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும். கூலண்ட் தொட்டியை நக்கப் போகிறாளே என்று பயந்து வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அவள் முன்பு எத்தனை ஈற்றுப் போட்டாள், யார் வீட்டில் இருந்தாள், எதுவும் யாருக்கும் தெரியாது. பல்லைப் பார்த்து டாக்டர் சொன்ன வயது பத்தை ஒட்டி.

இந்த நோயில் பழைய கதைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பெண் பூனைக்கு ஆறு மாதத்துக்குள் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் மடியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது. ஒரு வயதுக்குள் செய்தால் 86 சதவீதம். 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு. இரண்டு வயதைத் தாண்டிச் செய்தால் பெரிதாகப் பலன் இல்லை. சூடு வராமல் இருக்க ஹார்மோன் ஊசி, மாத்திரை கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது இந்த நோயைக் கூட்டுகிறது. குட்டி வளர்க்கிற யார் கண்ணிலாவது இது பட்டால் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்க வேண்டாம். ஆறு மாதம். அதற்குள் ஆபரேஷன்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், யாரும் வீணாகப் பதறக் கூடாது என்பதற்காக. இளம் பூனைக்கு ஒரே சமயத்தில் எல்லா மடியும் வீங்கினால் அது பெரும்பாலும் ஹார்மோன் செய்யும் வேலை, புற்றுநோய் இல்லை. கருத்தடை ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் வற்றிவிடும். வயதான பூனைக்கு ஒற்றையாகக் கெட்டிக் கட்டி வந்தால் அது வேறு கதை.

*

"எல்லாம் இந்தத் தண்ணிதான்" என்றார் ஃபோர்மேன். பீன்யாவில் எதற்கும் அதைத்தான் சொல்வோம். எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகளின் குரோமியம் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் இறங்கியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதற்காகக் கோபப்பட எல்லாக் காரணமும் உண்டு. ஆனால் இந்தக் கட்டியை அதன் தலையில் கட்ட எனக்கு ஆதாரம் இல்லை. இதற்குத் தெரிந்த காரணம் ஹார்மோன். கோபத்துக்குச் சரியான முகவரி வேண்டும்.

*

யார் யார் என்ன சொன்னார்கள்.

அம்மா, தர்மபுரியிலிருந்து போனில்: "வாயில்லா ஜீவன். நோவுதுன்னு சொல்லத் தெரியுமா அதுக்கு? அது பாட்டுக்கு இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். கத்தி வேணாம்மா."

பக்கத்து வீட்டு அஜ்ஜி கன்னடத்தில் சொன்னது: எங்கள் காலத்தில் பூனை சாகப் போகிறது என்றால் தானே வீட்டை விட்டுப் போய்விடும், நமக்குக் காட்டாது.

ஃபோர்மேன் லீவு நாளெல்லாம் தன் அக்காவோடு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிறவர். "மனுஷங்களுக்கே பணம் பத்தலையே மேடம்" என்றார். குத்திக்காட்டவில்லை, களைத்துப் போய்ச் சொன்னார். அந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் அக்காவுக்காக ஷாப்பில் வசூலித்தபோது கொடுத்தேன், இனியும் கொடுப்பேன். பித்தளைக்குச் செலவழிக்காத பணம் தானாகவே கித்வாய்க்குப் போய்ச் சேரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர் முன்னால் நின்று அதைச் சொல்ல வாய் வராது, வரவும் கூடாது.

வீட்டுக்காரர்: "நீ எது சொன்னாலும் சரி. ஆட்டோ மட்டும் எப்ப வேணும்னு சொல்லு."

மகள்: "அம்மா, தனக்குக் கேன்சர்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியாது கண்ணு.

"அப்ப ஆபரேஷன் எதுக்குன்னும் தெரியாதுல்ல?"

*

மகள் கேட்டதுதான் கேள்வி. ஃபோர்மேனின் அக்கா கத்திக்குச் சம்மதித்தது தன் பேரனைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. வலிக்கும்போதெல்லாம் அந்தப் பேரனை நினைத்துக்கொள்ள முடியும். பூனைக்கு அப்படி நினைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பட்ட வலிக்கு அடுத்த வருடம் ஈடு கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எந்த மொழியும் இல்லை. அவளுக்கு வருவது வெறும் வலி; கூடவே, நம்பின கை தன்னைப் பெட்டியில் அடைத்து எங்கோ விட்டுவிட்டது என்பது.

ஆகவே நான் அவளிடம் கேட்கக்கூடிய வலிக்கு ஓர் எல்லை உண்டு. அது குறுகியதாக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் வரும் நல்ல காலம் அதைவிடப் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். இரண்டு வாரக் கஷ்டத்துக்கு இரண்டு வருட வெயில் என்றால் கேட்கலாம். ஆறு மாதத்தை வாங்குவதற்காக மூன்று மாதம் ஊசியும் பெட்டியும் என்றால் கேட்கக் கூடாது. அந்த ஆறு மாதம் எனக்காகத்தான் இருக்கும்.

*

ஹெப்பாள் போய் வந்தோம். கோரகுண்டேபாளையாவில் திரும்பி, ரிங் ரோட்டில் பி.இ.எல். சர்க்கிள் தாண்டி. லாரிச் சத்தத்துக்குப் பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடினால் கத்துவது நின்றுவிடுகிறது. 1958-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சினை ஆடு, பின்னால் காலில் கட்டுப் போட்ட லாப்ரடார். பயிற்சி மாணவர்கள் பித்தளையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு தடவை கட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் தொடுவதற்கு முன் தன் கையை அவள் மூக்கருகே நீட்டி மோந்து பார்க்க விட்டாள். அந்தப் பெண் நல்ல டாக்டராக வருவாள்.

மருத்துவர் பாதித் தமிழ், பாதிக் கன்னடம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று நிதானமாகத் தேடினார். தட்டுப்படவில்லை. ஊசி வைத்து உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்ததில் சந்தேகப்பட வேண்டிய செல்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்பது அடுத்தது. வயதான பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் சிறுநீரகம்தான் பெரிய கவலை. பிறகு நெஞ்சுக்கு மூன்று கோணத்தில் எக்ஸ்ரே: வலது பக்கம், இடது பக்கம், நேராக. இந்த நோய் மடியிலிருந்து முதலில் ஓடும் இடங்களில் ஒன்று நுரையீரல். அங்கே புள்ளி தெரிந்தால் அறுவையைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

புள்ளி தெரியவில்லை. "தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல, அம்மா" என்றும் சொன்னார். சில மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளி எக்ஸ்ரேயில் விழாது. எந்தக் கருவிக்கும் மீச்சிற்றளவு உண்டு, அதற்குக் கீழே உள்ளதை அது பார்க்காது. எனக்கு இதைவிட நன்றாகப் புரியும்படி யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன்.

*

அறுவை என்றால் கட்டியை மட்டும் தோண்டி எடுப்பது என்று நினைத்திருந்தேன். பூனைக்கு அது போதாது. ஒரு பக்கத்து நான்கு மடியையும், கூட இருக்கும் நிணநீர் முடிச்சோடு, ஒரே பட்டையாக எடுக்க வேண்டும். அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை தையல். கட்டியை மட்டும் எடுத்தால் அதே வரிசையில் மறுபடி தலைகாட்டுகிறது. மறு பக்கத்தையும் சில வாரம் கழித்து எடுப்பது உண்டு. மூன்றரைக் கிலோ உடம்பு. அதில் ஓடும் மொத்த ரத்தமே இருநூறு மில்லி சொச்சம். கேட்டவுடன் வேண்டாம் என்றுதான் தோன்றியது. அம்மா சொன்னதே சரி, அவள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். டாக்டர் மறுக்கவில்லை. விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொன்னார். கட்டி உள்ளுக்குள்ளேயே அமைதியாக இருந்துவிடாது. வளரும். மேலே தோல் இழுபட்டு மெலிந்து வெடிக்கும். நீர் வடியும், நாறும். அவள் நக்கிக்கொண்டே இருப்பாள், நக்க நக்கப் பெரிதாகும். கோடை என்றால் ஈ மொய்க்கும். நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தால் மூச்சு இழுக்கும். அதுவரை சாப்பிட்டுக்கொண்டும் இருப்பாள், அதனால் பொறுத்துக்கொள்கிறாள் என்று வீட்டில் நினைப்பார்கள்.

அறுப்பது ஒரு பக்கம், நிம்மதியாக விடுவது மறு பக்கம் என்று நான் தராசு போட்டு வைத்திருந்தேன். அந்த மறு பக்கத் தட்டில் இருந்தது நிம்மதி இல்லை, வெடித்த புண். ஆக அறுவை வெறும் ஆயுளை நீட்டுவதற்காக மட்டும் இல்லை. அந்தப் புண் வராமல் இருப்பதற்காகவும். மூன்று வருடம் கிடைக்காவிட்டாலும், கிடைக்கிற காலத்தை முழுத் தோலோடு வாழ்ந்துவிட்டுப் போகலாம். இதற்கு அப்புறம்தான் என் மனம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

*

மூன்றாவது வழியையும் எழுதத்தான் வேண்டும். எழுதக் கை தயங்குகிறது.

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியில்லாமல், திரும்பிப் படுக்கக்கூட முடியாத வேதனையில் கிடந்தது. காந்தி ஆசிரமத்தாரோடு பேசினார். உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்க என்ன உரிமை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கடைசியில் மருத்துவரை வரவழைத்து, விஷ ஊசி போடச் சொல்லி, கூடவே நின்றார். அதைத் தன் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. அகிம்சை பேசுகிறவர் பசுங்கன்றைக் கொன்றுவிட்டார் என்று நாடே பேசியது. அவர் பின்வாங்கவில்லை. வேறு வழியே இல்லாத அதே நிலையில் தன் பிள்ளை கிடந்தாலும் இதையே செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதினார். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் தீராத வேதனையில் கிடக்கும் விலங்கைத் துன்பமில்லாமல் முடித்துவைக்க இடம் கொடுக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "காந்தியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவரு கிட்ட இருந்து பார்த்தாரில்ல. நீயும் கிட்டவே இரு" என்றாள். அந்த ஒரு வரியை இந்த நோட்டின் முதல் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

இன்றைக்குப் பித்தளைக்கு அது பொருந்தாது. அவள் ஜன்னலில் ஏறுகிறாள், அணிலைப் பார்த்துப் பல்லை நறநறக்கிறாள், வேகவைத்த கோழி வாசனைக்குக் குக்கர் விசில் அடங்கும் முன்பே வந்து நிற்கிறாள். அந்த ஊசிக்கான நாள் வந்தால் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டுக் கொடுத்தார். வலி, பசி, உடம்பில் நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து. 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கை பரவாயில்லை. எண்ணாகப் பார்த்தால் எனக்குத் தைரியம் வருகிறது. இப்போது அவளுக்கு நான் போட்டது 64.

*

டோரிஸ் லெஸ்ஸிங், 2007-இல் நோபல் பரிசு பெற்றவர், தன் பூனையைப் பற்றி 'தி ஓல்ட் ஏஜ் ஆஃப் எல் மேக்னிஃபிகோ' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறார். புற்றுநோயால் ஒரு முன்னங்காலைத் தோளோடு இழந்த கிழப் பூனை. இப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டு அதோடு வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

*

பணம். ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும் தனியார் கிளினிக்குகளும் உண்டு. கல்லூரி மருத்துவமனையில் அதைவிட வெகு குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும், லீவு போட வேண்டும். எங்களால் சீட்டுப் பணத்தில் சமாளிக்க முடிந்தது. முடியாதவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வலிக்கு மருந்து கொடுத்து, புண்ணைச் சுத்தமாக வைத்து, நேரம் வந்தபோது கிட்டவே இருந்து அனுப்பி வைக்கிறவரும் தன் பூனையை நன்றாகப் பார்த்துக்கொண்டவர்தான்.

*

முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்தது. அன்றைக்கு எனக்கு மனம் மாறக்கூடும் என்பதற்காக:

இடது பக்கம் மட்டும். மேசையில் வைத்த பிறகு உள்ளே பரவியிருப்பது தெரிந்தால் எழுப்ப வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவது. கீமோ வேண்டாம். டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும்; பூனையின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. சிலர் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் பித்தளைக்குப் பெட்டியும் ஆட்டோவும் எவ்வளவு பெரிய பயம் என்பது எனக்குத் தெரியும். அறுவையின் வலி ஒரு தடவையோடு முடியும். அந்தப் பயம் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும்.

*

ஆபரேஷன் ஆயிற்று. மாலையில் கொடுத்தார்கள். மயக்கம் தெளியாத கண், வயிறு முழுக்க மழித்த இளஞ்சிவப்புத் தோல், அதில் நேர்கோடாகத் தையல். நல்ல தையல். என் தொழில்காரக் கண்ணுக்கு அது முதலில் பட்டது: இடைவெளி ஒரே சீர்.

பிளாஸ்டிக் கூம்பைக் கழுத்தில் மாட்டினால் சுவரில் இடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறாள். எதிர்வீட்டுக் கார்மெண்ட்ஸ் அக்கா பனியன் துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்; நான்கு காலுக்கும் ஓட்டை, முதுகில் முடிச்சு, வாலுக்கு அடியில் வெட்டு. அதைப் போட்டவுடன் சரிந்து படுத்துவிட்டாள், கொஞ்ச நேரம் நடக்கவே மறுத்தாள், பிறகு பழகிக்கொண்டாள்.

வலி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குர்குர் என்று சத்தம் போடுவதை நம்பக் கூடாது, பூனை வலியிலும் அப்படிச் சத்தம் போடும். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 2019-இல் பூனையின் முகத்தை வைத்தே வலியை அளக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். காது விலகிச் சாய்ந்திருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, வாய்ப்பக்கம் இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. கூட்டினால் பத்துக்கு நான்கு வந்தால் மருந்து வேண்டும். முதல் இரவு ஐந்து வந்தது. எழுதிக் கொடுத்த மருந்தைக் கன்னத்துக்குள் விட்டேன். விடியும்போது இரண்டு. மகளும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். பள்ளிக்குக் கிளம்பும் முன் எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டுப் போகிறாள்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறதே, பாதி மாத்திரை கொடேன் என்று பக்கத்து வீட்டில் அன்பாகச் சொன்னார்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஒரே மாத்திரை போதும், உயிர் போக. இதைத் தெருவில் பூனை வளர்க்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். தொடர்ந்து சில நாள் சாப்பிடாவிட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். கோழி வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி விரலில் தொட்டு உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பினாள். மறுபடி வைத்தேன். நக்கினாள். அப்படியே தட்டுக்கு வந்தாள்.

*

நோய்க்கூறு அறிக்கை வந்துவிட்டது. புற்றுநோய்தான், நடுத்தர வீரியம். வெட்டின விளிம்புகளில் நோய் இல்லை. நிணநீர் முடிச்சிலும் இல்லை. அறிக்கையில் கட்டியின் அளவு 21 மி.மீ. என்று இருக்கிறது.

வலது பக்கத்தையும் எடுத்துவிட்டால் நல்லது என்பது டாக்டரின் கருத்து; இரண்டு பக்கமும் எடுத்த பூனைகள் அதிக காலம் நோயில்லாமல் இருப்பதாகச் சொன்னார். அவர் சொல்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தையல் பிரித்து, பனியன் சட்டையைக் கழற்றிய நாளில் அவள் உடம்பு முழுவதையும் ஒரு மணி நேரம் நக்கிச் சுத்தம் செய்ததைப் பார்த்தேன். உடனே மறுபடி அந்தச் சட்டைக்குள் அனுப்ப மனம் ஒப்பவில்லை. பேசி ஒத்துக்கொண்டது இது: வாரா வாரம் வலது பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே, வலது பக்கம் ஒரு பாசிப்பயறு அளவுக்கு எது தட்டுப்பட்டாலும் காத்திருக்காமல் அந்தப் பக்கத்தையும் எடுத்துவிடுவது. அதற்குள் கிரியாட்டினின் ஏறிவிட்டால் அந்தப் பேச்சையும் விட்டுவிடுவது. டாக்டர் கேஸ் பேப்பரில் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்று மாதக் கணக்கில் முதல் எக்ஸ்ரே யுகாதி கழிந்து வரும் சனிக்கிழமை. வீட்டுக்காரர் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.